மணலில் நிற்கும் வீடு

மூதூருக்குப் போகும் வழியில், கிண்ணியாவில் ஆட்டோவை நிறுத்தச் சொல்கிறேன். ஒரு பெண், வீட்டின் அளவுக்கே தோண்டிய அத்திவாரக் குழியில் மணலைப் பரப்பித் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறாள். நான் மண் பரிசோதிக்கும் பொறியியலாளர். பார்க்காமல் போக மனம் வரவில்லை.

அவள் பெயர் நஸ்ரினா. பழைய வீடு களிமண்ணில் நின்றது. மாரியில் மண் வீங்கி, கோடையில் சுருங்கி, ஒருநாள் அவளுடைய வாப்பாவின் கட்டிலுக்கு மேலேயே சுவர் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் முற்றத்துக் கொட்டிலில்தான் படுக்கிறார்.

"களியைத் தோண்டி எடுத்திட்டம் மிஸ். மேசன்தான் மணல் போடச் சொன்னார். மணல்ல கட்டினா வீடு நிக்குமாண்டு வாப்பா கேக்கிறார்."

பழைய எகிப்தில் கோயில் கட்டியவர்களும் குழி தோண்டி, சுத்தமான மணலை நிரப்பித்தான் கல்லை வைத்தார்கள் என்கிறேன். நாலு பக்கமும் அடைபட்ட மணல் நழுவாது, பாரத்தைச் சமமாகத் தாங்கும். நாங்களும் இன்று அதைத்தான் செய்கிறோம்.

"இதை வாப்பாட்ட சொல்லுங்க மிஸ்."

கொட்டிலிலிருந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்கிறேன். கூரைத் தண்ணீரைச் சுவரடியில் விடவேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

"அந்தக் கோயிலெல்லாம் இன்னும் நிக்குதா?" என்று கேட்கிறார்.

"ஓம், கனக்கக் கோயில் இன்னும் நிக்குது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இடித்து இறுக்கிய ஈரமணலில் இறங்குகிறார். கால் புதையவில்லை. மெல்ல நடந்து ஒரு மூலையில் போய் நிற்கிறார்.

"புள்ள, என்ட கட்டிலை இதில போடு."

நஸ்ரினா குழாயைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள்.