இஞ்சியும் மரவள்ளி மாவும்

யாழ்ப்பாணத்தில் மரவள்ளிக்கிழங்கு அவிக்கிற நாளில் இஞ்சியை யாரும் தொடமாட்டார்கள். இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு, ஆள் தப்பாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஏன், எப்படி என்று நான் கேட்டதேயில்லை. உயிர் விஷயத்தில் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், லைப்சிக் நகருக்கு வெளியே ஓர் அகதி முகாமில் இருந்தேன். அறையின் மற்றக் கட்டிலில் கானா நாட்டுக்காரன் ஒருவன். நைஜீரியாவில் பல வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். என் அரைகுறை ஆங்கிலத்துக்காக மெதுவாகப் பேசுவான். நைஜீரியாவில் அவனும் ஊராரும் ஒரே நிறம்தான். ஆனாலும் சந்தையில் வாயைத் திறந்தால் போதும், "நீ எந்த ஊர்?" என்று கேட்பார்களாம். பிறகு ஒருநாள், வெளிநாட்டவர் எல்லோரும் போய்விட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதற்கு மேல் அவன் சொல்வதில்லை.

ஒரு மத்தியானம் அவனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஜெர்மனியை விட்டும் போகவேண்டுமாம். அறைக்கு வந்தவன் நேரே அடுப்பைப் போட்டான். யாரோ ஊர்க்காரர் கொடுத்த மரவள்ளி மாவை அன்றுதான் பிரித்து, கொதிநீரில் கிண்டினான். சாப்பிடப் போகிறானே என்று எனக்கு நிம்மதி. அடுத்து மீன் குழம்புக்குள் ஒரு கைப்பிடி இஞ்சியைத் துருவிப் போட்டான். சாகத் துணிந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"சாப்பிடாதை!" என்று தமிழிலேயே கத்தி, அவன் கையிலிருந்த தட்டைப் பறித்துக் குப்பை வாளியில் கொட்டினேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. "நைஜீரியாவில் நாங்கள் புறப்பட்ட அன்று, பக்கத்து வீட்டுக்காரி எங்கள் பானையைத் தூக்கித் தெருவில் கொட்டினாள். அத்தனை வருடம் எங்களோடு சாப்பிட்டவள். இப்போது நீயுமா?"

நான் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து அறை அண்ணை வாசலில் நின்றபடி, "ஓம், மரவள்ளிக்கு இஞ்சி போட்டால் தப்ப ஏலாது" என்று சாட்சி சொன்னார்.

"சின்ன வயதிலிருந்து இதைத்தான் சாப்பிடுகிறேன்" என்றான் அவன். "சாக நினைத்தவன் உனக்கும் சேர்த்தா சமைப்பான்?"

அப்போதுதான் மேசையில் இருந்த இரண்டாவது தட்டைப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணை மெல்ல நழுவிவிட்டார். பானையில் மிச்சமிருந்ததை அவன் இரண்டாகப் பங்கிட்டான். முதல் வாயை விழுங்கும்போது, செத்தேன் என்றுதான் நினைத்தேன். அவனுக்காகத்தான் விழுங்கினேன். காலையில் நான் கண் விழித்ததும், "உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த கிழமை பொலிஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. அன்று அப்படிக் கத்திய நான் கதவோரம் ஒதுங்கி வழிவிட்டேன்.

மத்தியானம் அண்ணை எட்டிப் பார்த்து, "அந்தக் கட்டிலுக்கு இனி ஆர் வருவினம்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது, போங்கோ!" என்று எரிந்து விழுந்தேன்.

பிறகு சோறு காய்ச்சினேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், மேசையில் இரண்டு தட்டு வைத்திருந்தேன்.