ஆறு படங்களும் ஒரே முகமூடியும்

இது நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். அந்த இளக்காரம் 2003 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை மாலை வரைதான் செல்லுபடியானது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் டவுன் ஆபீசில் அப்போது நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தொழிலாளிகள் பாதுகாப்போடு வேலை செய்வதைப் படமாகப் பார்த்தால்தான் ஆர்டர் என்று ஜெர்மனி கம்பெனி சொல்லிவிட்டது. மாலை ஆறு மணிக்குள் படங்கள் இணையத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் என் வேலை போய்விடும்.

பாதுகாப்பாம்! கேமராவோடு தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரே ஒரு விஷவாயு முகமூடி, கழிவுத் தொட்டியில் இறங்குகிற ஆளுக்காக வாங்கியது. மேனேஜர் நயீம் அகமது அதை எடுத்து வரச்சொல்லி, ஆறு பேருக்கு மாற்றி மாற்றி மாட்டிவிட்டார். ஆறு பேர், ஆறு முகமூடி என்று ஜெர்மனிக்காரன் நம்பிக்கொள்வானாம். இந்த மூளைக்கு ஏ.சி. அறை வேறு. கடைசி ஆள் அருணகிரியை எடுத்தபோது என் கை ஆடிவிட்டது.

"இன்னொண்ணு எடுத்துக்குறேன்," என்றேன்.

ஆடியதை அழித்துவிட்டு எடுத்தேன். மணி 3.20. கேமராவே படத்தின் மூலையில் நேரத்தைப் பதித்திருந்தது. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டேன்.

படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி முடிக்கவே ஐந்து மணி ஆகிவிட்டது. பார்த்தேன். ஆறு படம், படத்துக்கு ஓர் ஆள், பின்னால் வெறும் சுவர். ஒவ்வொன்றும் எண்ணூறு கே.பி. அந்த இலவசத் தளம் நூறுக்கு மேல் வாங்காது. சுருக்கத்தான் வேண்டும்.

5.05. முதல் படத்தைச் சுருக்கினேன். சுவரோரம் ஒரு கறுப்புப் புள்ளி. தூசி என்று திரையைத் துடைத்தேன். போகவில்லை.

5.14. இரண்டாவது படம். புள்ளிக்குக் கால்கள் இருந்தன. வெறும் கால்கள். எவனோ குறுக்கே வந்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே ஓரத்தை வெட்டினேன்.

5.22. மூன்றாவது படம். ஓரத்தில் இல்லை... நடுவில் நின்றான். அசல் படத்தைத் திறந்தேன். அதில் யாருமே இல்லை.

நயீம் அகமதுக்கு போன் போட்டேன். லைன் பிஸி. மறுபடியும் பிஸி.

5.31. நான்காவது. முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

5.39. ஐந்தாவது. கையை நீட்டியிருந்தான்.

படம் சிறுத்தது. அவன் பெருத்தான்.

5.48. ஆறாவது. அவன் விரல்கள் அருணகிரியின் முகமூடியைப் பற்றியிருந்தன...

முதுகுக்குப் பின்னால் சத்தம். ஹ்ஹ்... ஹ்ஹ்... காற்றுக்குத் தவிக்கிற மூச்சு. கூடவே தொட்டி நாற்றம்.

திரும்பவில்லை. பயம்.

ஆனாலும் வேலைதான் பெரிதாகப்பட்டது. ஆறையும் ஏற்றினேன். 5.58.

மறுநாள் காலை 9.30-க்குச் சென்னை ஏஜென்ட் கெசியா போன் செய்தார். ஆர்டர் உறுதியாம். ஆனால் எல்லாப் படத்திலும் முகமூடி இல்லாமல் ஒருவர் பின்னால் நிற்கிறாரே, யார் என்று கேட்டார். நான் தளத்தைத் திறந்தேன். அந்த நேரம் லீவு கேட்டு வந்த அருணகிரி திரையைப் பார்த்து அப்படியே நின்றான்.

"பஞ்சாட்சரத்த எப்ப சார் எடுத்தீங்க?"

"யாரு? இது நேத்து எடுத்தது."

"நேத்து அவரு தொட்டியில செத்துப்போய்ட்டாரு சார்."

தொட்டி அடைப்பெடுக்க பஞ்சாட்சரத்தை நிறுத்தியிருந்தார்கள். முகமூடி கேட்டு அவர் இரண்டு தடவை ஆள் அனுப்பினாராம். போட்டோ முடியட்டும் என்று நயீம் அகமது திருப்பி அனுப்பிவிட்டார். அடைப்பு ஜாஸ்தியாகி, சூப்பர்வைசர் கத்தியதும், பஞ்சாட்சரம் வெறும் முகத்தோடு இறங்கிவிட்டார்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"மூணு இருபது சார்."

நயீம் அகமதைக் காறித்துப்ப எனக்கு வாய் இருக்கிறது. இன்னொண்ணு என்று கேட்டதும் அதே வாய்தான்.