லீவே போடாத நான்கு ஹார்டு டிஸ்க்குகள்

ராபர்ட்சன்பேட்டையில் உள்ள பழைய கம்ப்யூட்டர் கடையில், போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான், என் கணவர், கடைக்காரர், கீபோர்டு வாங்க வந்த ஒரு டீச்சர்.

நாங்கள் பழைய தங்கச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் வீட்டிலேயே போட்டோ, வீடியோ தொழில் செய்கிறோம். அவர் எடுப்பார், நான் எடிட் செய்து ஆல்பம் போடுவேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் ஹார்டு டிஸ்க் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. அதில் ஒரு கல்யாண வீடியோ இருந்தது. பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே தவறிவிட்டவர். நல்லவேளையாக ஒரு பென் டிரைவில் இன்னொரு காப்பி கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை நினைத்து நினைத்துப் பயப்படுகிறேன்.

எல்லாவற்றையும் இரண்டு இரண்டு காப்பியாக வைக்கிற மாதிரி நான்கு டிஸ்க் போடும் பெட்டி ஒன்று வாங்கினோம். புது டிஸ்க் நான்கு வாங்க எங்களுக்கு வழியில்லை. அதனால்தான் இந்தக் கடைக்கு வந்தோம். பெங்களூர் ஆபீஸ்களில் கழித்த சாமான்களை வாங்கி விற்பவர் கடைக்காரர். ஒன்று நாலாயிரத்து ஐந்நூறு என்றார்.

"ஆபீஸ் ஐட்டம்மா. காலைல ஆன், சாயங்காலம் ஆஃப். மூணே வருஷம்தான் ஆவுது."

என் கணவர் பணத்தை எடுத்துவிட்டார். நானோ, கொண்டுபோயிருந்த லேப்டாப்பில் ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். "எல்லாத்துக்கும் சந்தேகமா?" என்று என் கணவர் முணுமுணுத்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

கெட்டுப்போன இடம் எதிலும் இல்லை. ஆனால் டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று திரையில் ஒரு வரி வரும். முதல் டிஸ்க்கில் 26,104. மற்ற மூன்றிலும் ஏறக்குறைய அதே எண். லேபிளில் இருந்த தேதிப்படி வயது மூன்று வருடம், சரிதான். அப்படியானால் அந்த எண் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

எங்கள் சுரங்க ஊரில் ஒரு நாளை ஷிஃப்டாகத்தான் எண்ணுவார்கள். ஒரு ஷிஃப்ட் எட்டு மணி நேரம். ஒரு ஞாயிறுகூட விடாமல் மூன்று வருடம் வேலை பார்த்தாலும் 8,760தான் வரும். பில் புத்தகத்தின் பின்பக்கம் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். திரையில் இருந்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

"அண்ணே, இது ஒரு ஷிஃப்ட் பாக்கல. மூணு ஷிஃப்டும் பாத்துகீது. லீவே போடல."

டீச்சர் தன் போனில் தட்டிப் பார்த்தார். "கணக்கு சரியா கீதுங்க. எது வரைக்கும் படிச்சீங்க?"

"ஏழாவதோட நின்னுட்டேன் மிஸ்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சிசிடிவி பொட்டில இருந்ததும்மா. அது ராத்திரி பகல் ஓடும். ஆபீஸ்ல இருந்துதான வந்துச்சு, பொய் இன்னா அதுல?"

என் கணவர், "மூணு ஷிஃப்ட் பாத்தவனுக்கு பென்ஷன்தான் குடுக்கணும். நீங்க புதுமாப்பிள்ளை ரேட் கேக்கறீங்க" என்றார். டீச்சர் சிரித்தார். கடைக்காரரும் சிரித்துவிட்டார். அங்கிருந்து பேரம் எங்கள் கைக்கு வந்தது.

ஒன்று மூவாயிரம் என்று முடிந்தது. நான்குக்கும் பன்னிரண்டாயிரம். ஒன்பதாயிரம் உடனே, இரண்டு மாதம் பழுதில்லாமல் ஓடினால் மீதி. அதை பில்லில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

ஐந்து வாரம் ஆகிறது. காலையில் நான்கு பச்சை விளக்கையும் எண்ணிவிட்டுத்தான் டீ போடுகிறேன். பயந்தாங்கொள்ளி என்று எத்தனையோ பேர் சொல்லி, நானும் என்னை அப்படியே நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அந்தப் பயத்துக்குக் கணக்குப் போடவும் தெரியும் என்று அன்றுதான் கண்டுகொண்டேன். கடன் என்றால் தூக்கம் வராத நான், சந்தோஷமாக வைத்திருக்கும் ஒரே பாக்கி இதுதான்: மூவாயிரம் ரூபாய்.