பதினோராவது ஓட்டை

அன்வர் பாய் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தது ஒரு தோல் லாரி. ஜமுனாமரத்தூர் கால்நடை மருந்தகத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, ஓட்டுநர் கீழே இறங்காமலே சொன்னார்: "டாக்டர் சார், நம்ம பாய் மௌத்தாயிட்டாருங்க. வெடியகால நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்." நான் ஒரு பசுவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். "எந்த பாய்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பாய் அவர் ஒருவர்தான். பஸ் பிடித்து மலையிறங்கி வாணியம்பாடி போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

நம் துப்பாக்கி கிளப்பில் அவரோடு நின்று சுட்டவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அவரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லவிதமாக எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதே போன வாரத்திலிருந்து எனக்குக் குழம்பிக் கிடக்கிறது. நான் மட்டும் ஏன் குழம்ப வேண்டும், நீங்களும் கொஞ்சம் குழம்புங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மலைச் சந்தைக்குத் தோல் வாங்க வருவார். நான் உயிருள்ள மாடுகளைப் பார்க்கப் போவேன். "நீங்க காப்பாத்தாம வுட்டதெல்லாம் என் கடைக்குத்தான் வருது டாக்டர். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே யாவாரம்" என்று முதல் நாளே வாரினார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் சுடுதளத்தில், மண்மேட்டுக்கு எதிரே, அதே ஆள் கையில் ரிவால்வரோடு நின்றார். இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே வயசு. அவருக்கு முதல் மாதத்திலேயே கை நிலைத்துவிட்டது. எனக்குக் கடைசிவரை நிலைக்கவில்லை.

ரிவால்வரின் குழல் நுனியில் குறி பார்ப்பதற்காக இருக்கும் முன்சைட் வெயிலில் பளபளத்தால் குறி தவறும். அதற்காகப் புகை காட்டிக் கறுப்பாக்குவோம். நாமெல்லாம் சிம்னி விளக்கில் காட்டினோம். பாய்க்குக் கற்பூரம்தான் வேண்டும், அதன் கரிதான் மெல்லிசாகப் படியும் என்பார். அதைப் படவேட்டில் கோயில் வாசல் கடையில்தான் வாங்குவார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். கடைக்காரம்மா, "இன்னா பாய், வேண்டுதலா?" என்று சிரித்தது. "ஆமாம்மா, பத்துக்குப் பத்து வுழணும்னு வேண்டுதல்" என்று சொல்லிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மதிப்பெண் விஷயத்தில் அவர் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். குறித்தாளில் குண்டு போட்ட ஓட்டை வட்டத்தின் கோட்டைத் தொட்டால் உள்வட்டத்தின் மதிப்பெண். சந்தேகம் வந்தால் பித்தளை முளையை ஓட்டையில் செருகி, அதன் விளிம்பு கோட்டைத் தொடுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு போட்டியில் நடுவர் முளை போடாமலே அவருக்குப் பத்து கொடுத்தார். பாய் விடவில்லை. "முளையப் போட்டுப் பாத்துடுங்க சார்" என்றார். பார்த்தார்கள். ஒன்பது. அந்த ஒன்றில் கோப்பை போயிற்று. பஸ்ஸில் வரும்போது அவரைத் திட்டித் தீர்த்தேன். "தாள்ல இல்லாத பாயிண்டு வூட்டுக்கு வந்தா தூக்கம் வராது டாக்டர்" என்றார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று நினைத்தேன்.

என் கோளாறு வேறு. விசையை அழுத்தும்போதே வெடிச்சத்தத்தை எதிர்பார்த்துக் கை தாழ்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போடும் ஐந்து தோட்டாக்களில் ஒன்றுக்குப் பதிலாகச் சுட்டு முடித்த காலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்துவிடுவது. எது காலி என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. சுத்தியல் அதன்மேல் விழுந்து சத்தமே வராமல், குழல் மட்டும் குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். "பாம்பப் பாத்தாப்ல குனியிறீங்களே!" என்று பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அதற்கென்றே ஒரு காலித் தோட்டாவை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தார். மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்க, அதன் அடியில் அவர் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு.

இனி அந்தத் தேர்வுப் போட்டி. மெட்ராஸில் மாநிலப் போட்டி, நம் கிளப்பிலிருந்து ஓர் ஆள்தான் போகலாம். கடைசியில் நானும் பாயும் மிஞ்சினோம். பக்கத்துப் பக்கத்துத் தாள். ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று. ரிவால்வரில் ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் போட வேண்டும். ஆறாவது போட்டால் அந்தச் சுற்றே செல்லாது. சுட்டு முடித்துத் தாள்களைக் கொண்டுவந்தார்கள். என் தாளில் ஒன்பது ஓட்டை. அவர் தாளில் பதினொன்று.

அதற்கு இரண்டே காரணம் இருக்க முடியும். ஒன்று, நான் ஒரு குண்டை அவர் தாளில் சுட்டிருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் குண்டுக்கு எனக்குப் பூஜ்யம், அவர் மதிப்பெண் அப்படியே நிற்கும், மெட்ராஸுக்குப் போவது அவர். அல்லது என் குண்டு தாளிலேயே படாமல் மண்மேட்டில் போயிருக்க வேண்டும், பாய் ஒரு சுற்றில் ஆறு போட்டிருக்க வேண்டும்.

நடுவர் என்னிடம், "உங்க குண்டுங்களா?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. சரியாகச் சுடுகிறவன் முன்சைட்டைத்தான் பார்ப்பான், எதிரே தாள் மங்கலாகத்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மங்கல் இருந்தால் எதை நோக்கிச் சுட்டேன் என்று நான் எதை வைத்துச் சொல்வது? நடுவர் பாயிடம் திரும்பினார். பாய் யோசிக்கவே இல்லை. "என்னுதுதான் சார். ஒரு தபா ஆறு போட்டுட்டேன்." கையிலிருந்த காலிகளை மேஜைமேல் கொட்டினார். நடுவர் எண்ணினார். பதினொன்று. எண்ணியதோடு சரி, ஒன்றையும் யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. எல்லாம் கிளப்பின் சாக்குக்குள் போய்விட்டது. பாயின் ஒரு சுற்று செல்லாமல் போய், ஒன்பது ஓட்டைக்காரன் மெட்ராஸுக்குப் போனேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சிவப்புப் பொட்டு நினைவுக்கு வந்தது. பதினொன்றில் ஒன்று அவர் சட்டைப் பையிலிருந்த அந்தக் காலியாக இருந்தால்? மெட்ராஸில் கடைசிக்கு முந்தின இடம் வாங்கிக்கொண்டு வந்தேன். போனவர்களுக்கெல்லாம் கோட்டில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். நான் வாழ்க்கையில் சுட்டுச் சம்பாதித்தது அது ஒன்றுதான். உண்மையில் அது என்னுடையதுதானா? சந்தையில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "பாய், நெசமா ஆறா?" அவர் ஆட்டுத்தோலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "காலிய எண்ணிட்டாங்க இல்ல? அத்தோட வுடுங்க" என்றார். விட்டேன். ஆனால் அது என்னை விடவில்லை. தாளில் இல்லாத ஒரு புள்ளியை வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர் பொய் சொல்வாரா என்று ஒரு நாள் தேற்றிக்கொள்வேன். ஐந்தை ஐந்தாக எண்ணத் தெரியாத ஆளா அவர் என்று மறுநாள் தோன்றும்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி திரைக்குப் பின்னால் இருந்து பேசினார். மகன் பாயின் பெட்டியை என்முன் வைத்தான். "அவரோட சாமான டாக்டர் சாப்தான் வெச்சிக்கணும்" என்றார் அம்மா. காதில் வைக்கும் பஞ்சு, அரைப் பொட்டலம் கற்பூரம், ஓரத்தில் ஒரு காலித் தோட்டா. திருப்பிப் பார்த்தேன். அடியில் சிவப்புப் பொட்டு.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இது இங்கே இருக்கிறதென்றால் அன்றைக்கு மேஜைமேல் இருந்தது வேறு. பதினொன்றும் அவர் சுட்டதுதான். வில்லை என்னுடையதுதான். சந்தோஷம் தாங்காமல், "இத இன்னுமா வெச்சிருந்தாரு!" என்றேன்.

"அது பழசு இல்லீங்க" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "நீங்க மெட்ராஸ் போனீங்களே, அந்த வாரம் புதுசா ஒண்ணு எடுத்தாந்து பொட்டு வெக்கச் சொன்னாரு. பழசு இன்னாச்சின்னு கேட்டேன். டாக்டருக்குக் குடுத்துட்டேன்னாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்மேல் இரக்கப்பட இந்த ஆள் யார்? யார் கேட்டது? ஒரு புள்ளிக்கு லென்ஸ் பிடித்த மனிதர் எனக்காக ஏன் ஒரு சுற்றையே தூக்கிப் போட வேண்டும்? தெரிந்த நண்பர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பாயையே கேட்கலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தேன், அப்புறம்தான் அவர் இல்லை என்பது உறைத்தது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

என் அழுகையைக் கேட்டு அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "உங்ககிட்டதானே குடுத்தாரு? பத்திரமா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன். "என்கிட்டதான் இருக்குது."