ஏரி நடுவில் நின்ற மோட்டார்

ஐடா நர்ஸுக்குத் தண்ணீர் என்றால் பயம். கோரமண்டல் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். குழாயடியைத் தாண்டித் தண்ணீரோடு அவளுக்குப் பழக்கமே இல்லை. ஆனால் பிரசவம் என்று ஆள் வந்து நின்றால் மழையா வெயிலா என்று பார்க்க மாட்டாள். தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் பெரிய ஏரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கோடி வழிந்து, அக்கரைக்குப் போகும் தரைப்பாலம் மூழ்கியிருந்தது. படகை விட்டால் வழியில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

படகு மீன் குத்தகைக்காரருடையது. அதன் பின்னால் மாட்டிய மோட்டாரை ஓட்டியவன் ஐடாவின் தம்பி பாபு. தொழிற்சாலையில் ஃபிட்டர், லீவு நாளில் அந்த மோட்டாரே கதி என்று கிடப்பவன். காலையில் அக்காவை ஒரே ஓட்டத்தில் அக்கரை சேர்த்துவிட்டான்.

அங்கே அம்மா வீட்டுக்கு வந்திருந்த யசோதராவுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்தது. உதிரம்தான் நிற்கவில்லை. ஐடா ஊசி போட்டாள், சலைன் ஏற்றினாள், அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தாள். வைத்த துணியெல்லாம் நனைந்துகொண்டே போயிற்று.

“ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். தூக்குங்க!”

குழந்தையை அதன் பாட்டியிடம் விட்டுவிட்டு யசோதராவைப் படகில் கிடத்தினார்கள். அவள் கணவன் சித்தார்த் சலைன் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்தான். பாபு கயிற்றை இழுத்ததும் மோட்டார் கிளம்பியது. பாதி ஏரி தாண்டியிருக்கும். இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போயிற்று.

பாபு இழுத்தான். மறுபடி இழுத்தான். ஒன்றுமில்லை. மூங்கில் கழியை விட்டுப் பார்த்தான், தரை எட்டவில்லை. படகு மெல்லத் திரும்பி, கோடி பக்கம் நகர ஆரம்பித்தது. அங்கே தண்ணீர் விழும் இரைச்சல் நன்றாகக் கேட்டது.

“இன்னாடா ஆச்சி?”

“தெர்ல அக்கா. பெட்ரோல் முக்கா டேங்க் கீது.”

பிளக்கைக் கழற்றித் துடைத்து, மோட்டார் உடம்பில் ஒட்டி வைத்து இழுத்தான். நீலமாய்ப் பொறி பறந்தது. “கரண்டும் வருது! அப்புறம் இன்னா கேடு இதுக்கு?” பிளக்கை மாட்டிவிட்டு வெறிகொண்டவன்போல் இழுத்தான். கயிறு அவன் உள்ளங்கையைக் கிழித்தது.

“சிஸ்டர், இவ கண்ணத் தொறக்க மாட்டேன்றா!” சித்தார்த் கத்தினான்.

“பேர் சொல்லிக் கூப்டுங்க. பாட்டில எறக்காதீங்க.”

ஐடா யசோதராவின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் கருப்பை தளர்ந்துவிடும். கோடியைப் பார்க்கக்கூடாது என்று குனிந்தே இருந்தாள். அப்போதுதான் காலடியில் கிடந்த பெட்ரோல் குழாய் கண்ணில் பட்டது. குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை ஒன்று உண்டு. கிளம்பும்போது கொழுக்கட்டைபோல் உப்பி இருந்த அது, இப்போது இரண்டு பக்கமும் ஒட்டிச் சப்பிக் கிடந்தது.

அவள் நிமிர்ந்து சலைன் பாட்டிலைப் பார்த்தாள். அதன் ரப்பர் மூடியில் இரண்டு ஊசிகள்: ஒன்று சலைன் இறங்க, மற்றது காற்று உள்ளே போக. காற்று ஊசி அடைத்தால் பாட்டில் நிறைய சலைன் இருந்தும் ஒரு சொட்டு இறங்காது.

“பாபு! டேங்குக்குள்ள காத்து எப்பிடிப் போவும்?”

“மூடில ஒரு ஸ்க்ரூ கீது, அது வழியா...” பாபு பாதியில் நிறுத்தினான். “ஐயோ! மழத்தண்ணி எறங்கப் போவுதுன்னு அக்கரையில நான்தான் இறுக்கினேன்!”

பாய்ந்து திருகைத் தளர்த்தினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. ரப்பர் உருண்டை மெல்ல உப்பியது. அதை அமுக்கி அமுக்கிப் பெட்ரோலை ஏற்றினான். ரத்தம் வழிந்த கையாலேயே கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் மோட்டார் புகை கக்கி உறுமியது. கோடிச் சுவர் கண்ணுக்கெதிரே கிட்டத்தில் இருந்தது. பாபு படகை ஒடித்துத் திருப்பினான். அது ஒரு பக்கம் சரிய, தண்ணீர் உள்ளே அடித்தது. ஐடா கண்ணை மூடிக்கொண்டாள். கை மட்டும் வயிற்றை விடவில்லை.

கரையில், காலையில் ஐடாவை இறக்கிவிட்ட ஆஸ்பத்திரி ஜீப் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சித்தார்த்தின் ரத்தமே பொருந்தியது. சாயங்காலம் யசோதரா கண் திறந்து, “பாப்பா எங்க?” என்று கேட்டாள்.

வெளியே பெஞ்சில் ஐடா தம்பியின் கைக்கு மருந்து வைத்துக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. பாபு கட்டில்லாத கையை அவள் கைமேல் வைத்தான்.

“டீ வாங்கியாரட்டா அக்கா?”

“இரு. கொஞ்ச நேரம் இப்பிடியே இரு” என்றாள் ஐடா.