தடை சொன்னவர் நிற்க வேண்டும்

அந்த ஆபீஸில் நான் மூன்று கீபோர்டுகளை உடைத்திருக்கிறேன். ஒன்றை மேஜையில் அறைந்து, இன்னொன்றைச் சுவரில் எறிந்து. மூன்றாவதை எப்படி உடைத்தேன் என்று நினைவில்லை. கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிவேன். குணத்தை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். என்னையும் சேர்த்து ஆறு பேர். சென்னையில் பத்து வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் குப்பை கொட்டிவிட்டு, ஊரிலேயே செய்து காட்டுகிறேன் பார் என்று வீம்புக்குத் தொடங்கியது. முதல் பெரிய வேலை ஒரு நூல் மில்லிலிருந்து வந்தது. பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினுக்குள் கம்பிப் பற்கள் பதித்த உருளை சுற்றும். அதைச் சுத்தம் செய்ய ஒருவர் உள்ளே கையை விட்டாக வேண்டும். அவர் கை உள்ளே இருக்கும்போது வேறொருவர் மெஷினை ஓடவிட்டுவிடக் கூடாது. அதற்காக அதுவரை சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு வந்தார்கள். அட்டைக்குப் பதில் இனி டேப்லெட். சுத்தம் செய்பவர் அதைத் தொட்டால் சூப்பர்வைசரின் திரையில் அந்த மெஷின் சிவப்பாகும், சுவிட்ச் பூட்டிக்கொள்ளும். அவரே ‘முடிந்தது’ என்று தொட்டால்தான் பச்சையாகும். நாங்கள் எழுத வேண்டியது அவ்வளவுதான்.

வேலையை இரண்டு இரண்டு வாரமாக வெட்டிக்கொண்டோம். ஒவ்வொரு இரண்டு வாரத்தின் முடிவிலும் அதுவரை செய்ததை மில்காரர்களுக்கு ஓட்டிக் காட்டுவோம். அதற்கு டெமோ என்று பெயர். மில் முதலாளியோடு சேத்தூர்க்காரர் ஒருவரும் வருவார். கார்டிங்கில் இருபது வருஷமாகச் சுத்தம் செய்பவர். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். டெமோவுக்கு வாங்கி வைக்கும் பால்கோவாவை இலையோடு எடுத்து வழித்துத் தின்பார். தின்றுவிட்டு விரலைத் துடைத்து, டேப்லெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொல்வார்.

“என் கையத்தான் ஒங்ககிட்ட குடுத்திருக்கேன், பாத்துக்கிடுங்க. கொஞ்ச நாளைக்கு அந்த அட்டையும் தொங்கட்டுமே தம்பி?”

“அட்டை எதுக்கு அண்ணாச்சி? அப்பொறம் நாங்க எதுக்கு?” என்று சிரிப்பேன்.

சென்னைக் கம்பெனிகளில் தினமும் காலையில் எல்லாரும், வேலைக்கு ஒரு சீட்டாக எழுதி ஒட்டிய பலகையின் முன்னால் கால் மணி நேரம் நின்று பேசுவார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை. உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால்தான் நிற்பது. ஸ்டாண்டப் என்ற பெயரே அதனால் வந்தது. எங்கள் ஊரில் நின்றாலும் பேச்சு வளர்ந்தது. டீ வரும், வடை வரும், யார் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் ஊசிப்போனது என்பது வரும், வேலை மட்டும் வராது. எனக்குத் தலை சூடேறி ஒரு விதி போட்டேன். தடை இல்லாதவர் சொல்லிவிட்டு உட்காரலாம். தடை இருக்கிறது என்பவர், அது தீரும்வரை பலகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றே வேலை பார்க்கட்டும். அடியாத மாடு படியாது அல்லவா?

மறுவாரமே எங்கள் ஸ்டாண்டப் ஆறு நிமிடத்தில் முடிந்தது. “ஒண்ணுமில்ல சார்.” “ஒண்ணுமில்ல சார்.” பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது மாதிரி ஐந்து பேரும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். இதை நான் திறமை என்று நம்பினேன். மில் முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன். “நல்லாருக்கே, மில்லுலயும் வச்சிரலாம் போல” என்றார் அவர். மடையனை மடையன் மெச்சினால் எப்படி இருக்கும்? எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

ஐந்து பேரில் ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். பால்கோவா வாங்கி வருபவளும் அவள்தான். மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. கெட்டிக்காரி. டேப்லெட்டை மில்லில் மாட்டுவதற்கு முந்தைய வாரம் ஒரு காலையில், நால்வரும் உட்கார்ந்த பிறகு அவள் உட்காரவில்லை.

“தடை இருக்கு சார். கரண்டு போய் வந்தா செவப்பு பச்சையாயிருது.”

“எத்தன தடவ?”

“எல்லாத் தடவையும் இல்ல. மூணுல ஒண்ணு.”

அந்தப் பகுதியை எழுதிய பையனைப் பார்த்தேன். கரண்டு போய் வருவது மாதிரி, டேப்லெட்டையும் திரையையும் இணைக்கும் ரூட்டரை அவன் பத்து தடவை பிடுங்கிச் சொருகினான். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. “எனக்கு வரல சார்” என்றான்.

“அவனுக்கு வரல, ஒனக்கு மட்டும் எப்பிடி வருது? மாட்டப்போற நேரத்துல வந்து சகுனம் சொல்லுதியா? நில்லு!” என்று கத்தினேன். நின்றாள். பதினொன்றுக்கும் நின்றாள், பன்னிரண்டுக்கும் நின்றாள். கால் மாற்றி கால் மாற்றி நின்றாள். மத்தியானம் நான் திரும்பிப் பார்த்தபோது சுவரில் சாய்ந்திருந்தாள். “சாயச் சொல்லல” என்று பலகை துடைக்கும் டஸ்டரை எடுத்து வீசினேன். சுவரில்தான் படும் என்று வீசினேன். மரக்கட்டை அவள் காதில் பட்டது. மேல்மடல் கிழிந்து ரத்தம் துப்பட்டாவில் சொட்டியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. “டீ சொல்லுங்கலே” என்றேன்.

மறுநாள் காதில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டாண்டப்பில் அவள் முறை வந்தது. “ஒண்ணுமில்ல சார்” என்றாள். அந்த வேலைக்கான மஞ்சள் சீட்டை அவளே பலகையில் ‘முடிந்தது’ பக்கத்துக்கு நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். நான் கை தட்டினேன்.

டேப்லெட் மாட்டிய ஒன்பதாம் நாள் மில்லுக்குப் போயிருந்தேன், முதலாளி முன்னால் நின்று பெருமை வாங்கிக்கொள்ள. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நம்பர் சிவப்பாக இருந்தது. கரண்டு போனது. மில் முழுக்கச் சத்தம் அடங்கி, காது ங்கொய் என்றது. ஜெனரேட்டர் எடுத்ததும் திரை வந்தது. கரண்டு போய் வந்தால் மெஷின்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும். சூப்பர்வைசர் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுவந்து நாலில் நின்றார்.

“சார், அண்ணாச்சி இன்னும் வெளிய வரலியே?”

திரையைப் பார்த்தேன். நாலு பச்சை. அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்ததா என்று எத்தனையோ நாள் என்னையே கேட்டிருக்கிறேன். வந்தது. வந்ததும் அதன்மேல் எரிச்சல்தான் வந்தது.

“பச்சை வந்திருச்சுல்ல? முடிச்சிட்டாருன்னு அர்த்தம். போடுங்க.”

போட்டார். முதலில் மெஷின் சத்தம் மட்டும்தான். பிறகு ஓர் ஆள் கத்துகிற சத்தம் மாதிரி இல்லாத ஒரு சத்தம். ஓடினோம். நிறுத்திய பிறகும் அந்த உருளை உடனே நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சியின் கை முழங்கை வரை உள்ளே இருந்தது. வெளியே எடுத்தபோது தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது, நடுவில் விரல்கள் இருந்த இடம் தெரியவில்லை. மறுபக்கம் வெள்ளையாக வர வேண்டிய பஞ்சு சிவப்பாக வந்து டப்பாவில் சுருண்டு விழுந்தது. அவரை வேனில் தூக்கிப் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நான் வேனில் ஏறவில்லை.

மறுநாள் ஸ்டாண்டப் நேரத்துக்குப் படியில் தடதடவென்று சத்தம். அண்ணாச்சியின் தம்பி, மச்சான்கள், கூட வேலை பார்ப்பவர்கள், பின்னால் அண்ணாச்சியின் மனைவி. வந்த வேகத்தில் தம்பி ஒரு மானிட்டரைத் தூக்கித் தரையில் அடித்தார். கண்ணாடி சிதறியது. ஒருவர் ஹெல்மெட்டால் பலகையைக் குத்திப் பிளந்தார். எழுதிய பையனின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினார்கள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது.

“எவம்லே பச்சை காட்டுனவன்? எங்கண்ணனுக்கு மூணு வெரலு போச்சு, எவம்லே?”

நான் பின்வாங்கிப் பலகையோடு ஒட்டிக்கொண்டேன். மூன்று கீபோர்டு உடைத்த வீரன்! பிளந்த பலகையிலிருந்து அந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்தேன். அதில் அவள் கையெழுத்து இருந்தது. அதை நீட்டி, அவளைக் கைகாட்டினேன்.

“இவதான் செக் பண்ணுனது. இவதான் முடிஞ்சிதுன்னு போட்டா.”

அண்ணாச்சியின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேரே போய் அவளை அறைந்தார். அவள் மூக்குக் கண்ணாடி பறந்தது. இன்னொரு அறை. இன்னும் ஆறாத காதின் பிளாஸ்திரி பிய்ந்து திரும்ப ரத்தம் வந்தது. அவள் தடுக்கவில்லை. மூன்றாவதற்குக் கை ஓங்கும்போதுதான் பேசினாள்.

“அக்கா, நான் சொன்னேன். கரண்டு போய் வந்தா பச்சையாயிருதுன்னு இவருகிட்ட சொன்னேன். சொன்னதுக்கு மத்தியானம் வரைக்கும் நிக்க வச்சாரு. இந்தக் காத கிழிச்சாரு. மறுநாளும் நிக்க எனக்குத் தெம்பில்ல. அதான் ஒண்ணுமில்லன்னுட்டேன். நான் சொல்லியிருக்கணும்க்கா. செத்தாலும் சொல்லியிருக்கணும்.”

“ஆமா, சொன்னா” என்றான் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பையன். “நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டுதான் ஒக்காந்திருந்தோம்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். “பொட்டப்பிள்ளைய முன்னால தள்ளிட்டு ஒளியுதியால நாயே” என்று தம்பி சொன்னதுதான் கடைசியாகத் தெளிவாகக் கேட்டது. ஹெல்மெட் வாயில் விழுந்தது. முன்பல் இரண்டும் நாக்கில் உருண்டன. கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தார்கள். பலகைக்குப் பக்கத்தில், அவளை நிற்கவைத்த அதே இடத்தில்தான் கிடந்தேன். காயில் கடைக்காரர் மேலே ஓடிவந்து விலக்கியிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். வாங்கியதில் ஒன்றுகூட அதிகம் இல்லை. பொய்யாகச் சொல்லவில்லை, அடி வாங்கும்போதே அப்படித்தான் தோன்றியது.

வீக்கம் வற்றியதும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கட்டிலின் பக்கத்தில் நின்றேன். போடச் சொன்னது நான்தான் என்று என் வாயால் சொன்னேன். சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அண்ணாச்சி என் ஓட்டைப் பல்லைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அட்டையும் தொங்கட்டும்னு சொன்னேன்ல தம்பி” என்றார். 

மில்லில் சிவப்பு அட்டைகள் திரும்பவும் தொங்கின. சரிசெய்து காட்டிவிட்டுத்தான் நாங்கள் அந்த வேலையிலிருந்து விலக வேண்டும் என்று முதலாளி எழுதி வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். பதினோராம் நாள் புதுக் கண்ணாடியோடு வந்தாள். “ஒங்களுக்காக வரல சார். சீட்டு என் பேர்ல இருக்கு” என்றாள். புதுப் பலகையில் அந்த மஞ்சள் சீட்டைத் திரும்ப எழுதி ‘நடக்கிறது’ பக்கத்தில் ஒட்டினாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் பலகைக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அன்று முதல் எங்கள் ஸ்டாண்டப்பில் எல்லாரும் உட்கார்ந்துதான் பேசுகிறோம். சில நாள் ஒரு மணி நேரம் ஆகிறது.

நாலு மாதம் கழித்து டெமோ. அண்ணாச்சி வந்தார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. அவள் பால்கோவாவோடு ஒரு கரண்டியும் வைத்தாள். அவர் இடது கையால் டேப்லெட்டைத் தொட்டார், சிவப்பு. அவரே எழுந்துபோய் ரூட்டரைப் பிடுங்கினார், சொருகினார். சிவப்பு. இருபது தடவைக்கு மேல் செய்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

“பொறவென்ன, நாளைக்கே மாட்டிரலாம்” என்றார் முதலாளி.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். “நீ சொல்லு தாயி. கையக் குடுக்கலாமா?”

“வேண்டாம் அண்ணாச்சி” என்றாள். “இன்னொண்ணு இருக்கு. பஸ்ல வரும்போதுதான் தோணிச்சு, வந்து பாத்தேன், ஆகுது. ஒரே மெஷின்ல ரெண்டு பேரு கைய விட்டிருந்தா, ஒருத்தர் முடிஞ்சிதுன்னு தொட்டாலே பச்சையாயிருது. அடுத்தவர் கை உள்ளதான் இருக்கும்.”

முதலாளியின் முகம் சுருங்கியது. நாலு மாத வேலை, அவர் முன்னால், ஒரு வாக்கியத்தில் போயிற்று. எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. மேஜையில் ஓங்கி அறைய வலது கை தானாக எழும்பியது. எழுதிய பையன் மூக்கைப் பொத்தினான். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை, ஆனால் கிழிந்த காது இருந்த பக்கத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள்.

அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதில் ஐந்து விரலும் இருந்தன.