அண்ணையின் பெயரில் வந்த பென்சன்

அப்பாவின் பெயர் அப்பாவுடையதல்ல என்பது எனக்கு முப்பத்தாறாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவும் சுன்னாகத்தில் ஒரு வங்கிப் படிவத்தால்.

அப்பாவும் நானும் மலேசியாவிலிருந்து எண்பத்து நான்காம் ஆண்டு தை மாதம் வந்து இறங்கினோம். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊர்ச் சனமெல்லாம் வெளிநாட்டுக்கு ஓட வழி தேடிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இரண்டு பேர் பெட்டி படுக்கையுடன் உள்ளே வருகிறார்கள் என்றால் யார் சிரிக்கமாட்டார்கள்? ஸ்டேசனில் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் சிரித்தவர்கள் மேல் வரவில்லை, அப்பாவின் மேல்தான் வந்தது. அம்மா செத்த பிறகு, "நான் ஊரிலைதான் சாவன்" என்று ஒற்றைக்காலில் நின்று, கலியாணம் கட்டாமல் வீட்டோடு இருந்த மகள் என்னையும் இழுத்துக்கொண்டு வந்தவர் அவர்.

எங்கள் இரண்டு பேருக்கும் சோறு அப்பாவின் பென்சன்தான். பதினாறு வயதில் மலாயாவுக்குக் கப்பலேறி, முப்பத்தேழு வருடம் அங்கே ரயில்வேக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்டவர். எனக்கு வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற விசா. வேலை செய்ய அனுமதி இல்லை. அப்பாவுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம், தினமும் ஊசி போடவேண்டும். பென்சன் காசோலை தபாலில் வரும், தபால் ரயிலில் வரும், ரயில் எப்போது வரும் என்று ஸ்டேசன் மாஸ்டருக்கே தெரியாது. மூன்று மாதம் இப்படி இழுபட்டபின் அந்த நாட்டுப் பென்சன் கந்தோர் ஒரு கடிதம் போட்டது. இப்போது வசிக்கும் ஊரில் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து இலக்கத்தை அனுப்பாவிட்டால் இனிமேல் கொடுப்பனவு இல்லையாம்.

நான் வங்கிக்குப் போய்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். வெளிநாட்டார் என்றபடியால் கடவுச்சீட்டும் விசாவும் போதாது, இன்னார் இந்த விலாசத்தில்தான் இருக்கிறார் என்று விதானையாரின் கடிதமும் வேண்டும் என்றார்கள். விதானையார் என்பது கிராம சேவகர். அரசாங்கம் பெயரை மாற்றியும் சனம் மாற்றவில்லை. இதில் என்ன கஷ்டம்? அரை நாள் வேலை. ஆனால் அப்பா அசையவில்லை. இன்றைக்கு அட்டமி என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்றார். கால் உளைகிறது என்றார். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் படிவத்தை அவர் முன்னால் எறிந்தேன்.

"என்னப்பா விளையாட்டு இது? ஊசி மருந்து முடியப்போகுது. உந்தக் கடதாசி என்ன, கடிக்கிற சாமானோ?"

அப்பா குனிந்து படிவத்தை எடுத்தார். "பாஸ்போட்டிலை கிடக்கிறது என்ரை பேரில்லைப் பிள்ளை," என்றார். "அண்ணையின்ரை பேர்."

அவருடைய அண்ணை, என் பெரியப்பா, இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தார். வெங்காயத் தோட்டக்காரர். அப்பாவைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். வேலிச் சண்டையாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். விசயம் அதல்ல. மலாயாவில் ரயில்வே வேலைக்கு ஆள் எடுத்தபோது பதினெட்டு வயதும் இங்கிலீசுச் சோதினையில் சித்தியும் கேட்டிருக்கிறார்கள். பெரியப்பாவிடம் இரண்டும் இருந்தன. வட்டுக்கோட்டைக்கு நடந்து போய்ப் படித்துப் பாஸ் பண்ணியவர் அவர். அப்பா சோதினையில் கோட்டை விட்ட பதினாறு வயதுக்காரன். ஆனால் மூத்தவன் போனால் தோட்டத்தை யார் பார்ப்பது? அவர்களுடைய தகப்பன் ஒரு முடிவு எடுத்தார். பெரியவனின் பிறப்புப் பத்திரத்தையும் சோதினைப் பத்திரத்தையும் சின்னவனின் கையில் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்த காரியம்தான் இது, யாரும் அதைக் களவு என்று சொல்லவில்லை. ஆனால் பத்திரம் போன பிறகு பெரியப்பா இங்கே ஒரு கந்தோரிலும் வேலைக்குக் கேட்க முடியவில்லை. மண்வெட்டியைப் பிடித்தவர் பிடித்தவர்தான்.

நான் அழவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. "முப்பத்தாறு வருசமா என்ரை பேருக்கு முன்னாலை ஆரின்ரை முதலெழுத்தை எழுதிக்கொண்டு திரிஞ்சனான்?" என்று கேட்டேன். அப்பா கடவுச்சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

விதானையாரிடம் போனோம். ஊரில் அண்ணன் தம்பி இருவரையும் பெரியவர், சின்னவர் என்றே கூப்பிட்டதால் இத்தனை காலம் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. ஆனால் விதானையாரின் பதிவுப் புத்தகத்தில் கூப்பிடுகிற பேர் எழுதுவதில்லை. அவர் கடவுச்சீட்டையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, உந்தப் பேருக்கு என்னட்டை ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறார். உங்களை நான் உங்கடை பிறந்த பேரிலை பதிஞ்சு வைச்சிருக்கிறன். உந்தப் பேரிலை கடிதம் வேணுமெண்டால் அது உங்கடை அண்ணைக்குத்தான் தரலாம்."

அவ்வளவுதான். அந்தப் பென்சனை வாங்கக்கூடிய கணக்கை இந்த ஊரில் ஒரே ஒரு மனிதன்தான் திறக்க முடியும். அந்த மனிதன் எங்களோடு கதைப்பதில்லை.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனோம். பெரியப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா காற்சட்டையும் சப்பாத்துமாக வரம்பில் நின்று, சொல்லவேண்டியதைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். பெரியப்பா நிமிரவேயில்லை. ஒரு பாத்தி நிரம்பும்வரை பார்த்துவிட்டு மண்ணை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.

"ஐம்பது வருசம் வைச்சிருந்தனி. இன்னும் காணாதோ?"

"எனக்கு வேறை வழியில்லை அண்ணை."

"எனக்கு இருந்ததோ?"

போவோம் என்று அப்பாவின் கையைப் பிடித்தேன். அப்போது பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, ஊசி மருந்து எத்தினை நாளைக்குக் காணும்?"

"எட்டு நாளைக்கு, பெரியப்பா."

"நாளைக்கு வாறன்," என்றார்.

வந்தார். கணக்கில் வைக்கிற கையெழுத்துப் பென்சன் கந்தோரில் இருக்கிற கையெழுத்தோடு ஒத்திருக்கவேண்டும் என்பதால் அப்பாவின் கையெழுத்தை அவர் பழகவேண்டியிருந்தது. அப்பா ஒரு தாளில் போட்டுக் காட்டினார். பெரியப்பா அதை நெடுநேரம் பார்த்தார். "என்ரை பேரை உப்பிடியே எழுதுறனி? கோழி கிண்டினமாதிரி," என்றார். பிறகு எழுதத் தொடங்கினார். வெடித்த விரல்கள், நகத்துக்குள் செம்மண். நாலாம் தரம் எழுதும்போதே அச்சாக வந்துவிட்டது. கீழே ஓரமாக அதே பெயரைத் தன் சொந்த எழுத்தில் ஒருமுறை எழுதினார். அந்த வயதிலும் என்ன அழகான இங்கிலீசு எழுத்து! எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பெரியப்பாவின் அடையாள அட்டையையும் விதானையாரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கு நானும் கூடப் போனேன். பெரியப்பா தோய்த்த வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார். மனேச்சர் ஊருக்குப் புதியவர், கதைகாரர். பென்சன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, மலாயாவிலை வேலை செய்தனீங்களோ? எங்கை?" என்று கேட்டார். இதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஈப்போவிலை தொடங்கினது," என்றார் பெரியப்பா நிதானமாக. "பேந்து தைப்பிங். அங்கை பின்னேரமெண்டால் மழைதான். குடையில்லாமல் கந்தோருக்குப் போகேலாது. சப்பான்காரன் வந்த நேரம் சம்பளமில்லை, மரவள்ளிதான் திண்டனாங்கள். என்ரை மேசை சன்னலுக்குப் பக்கத்திலை. ரயில் வாறது கடதாசியெல்லாம் நடுங்கித் தெரியும்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. எல்லாம் அப்பா இளமையில் தன் தகப்பனுக்கு எழுதிய கடிதங்களில் இருந்தவை. ஒரு கடிதத்துக்கும் பதில் எழுதாத மனிதன் அத்தனையையும் வாசித்துப் பாடமாக்கி வைத்திருக்கிறார். மனேச்சர் தேத்தண்ணீர் வரவழைத்தார். பெரியப்பா கதிரையில் சாய்ந்திருந்து குடித்தார். வெளியே வந்ததும் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, "சரி பிள்ளை, வெயில் ஏறமுன்னம் நான் இறைப்புக்குப் போகவேணும்," என்று போய்விட்டார்.

அதன் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் ஒவ்வொரு மாதமும் பெரியப்பா வங்கிக்குப் போய், எடுத்ததை அப்படியே கொண்டுவந்து என் கையில் தந்தார். அப்பாவோடு இரண்டொரு சொல் கதைத்தார். எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. ஒருநாள் அப்பா, "அண்ணை, ஒரு பங்கை நீங்கள் வைச்சிருங்கோவன்," என்று சொல்லிவிட்டார். மடைத்தனமான கதை! "வேலை செய்தது நீ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியப்பா போனார். அடுத்த மாதம் வாசலில் நின்றே தந்தார். அப்பா ஒருநாளும் அவரிடம், "நான் உங்கடை வாழ்க்கையை எடுத்துப்போட்டன்," என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நான் சண்டை பிடித்திருக்கிறேன். "அண்ணைக்குத் தெரியும்தானே," என்பார். தெரிவதும் சொல்வதும் ஒன்றா?

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்டபோது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று தெரியாத ஒரு ஷெல் வெங்காயத் தோட்டத்துக்குள் விழுந்தது. பெரியப்பா அங்கேயே முடிந்துபோனார். வீட்டில் இருக்கச் சொல்லிப் பெரியம்மா மன்றாடியிருக்கிறா. தண்ணீர் கட்டாவிட்டால் பயிர் செத்துப்போகும் என்று போனாராம். சுடலைக்குக் கொண்டுபோகக்கூட வழியில்லை. தோட்டத்து மூலையிலேயே எரித்தோம். பிள்ளைகள் இல்லாத மனிதர், கொள்ளி வைத்தது அப்பாதான்.

ஐந்தாம் நாள் விதானையார் சாவைப் பதிய வந்தார். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, குறை நினையாதையுங்கோ. செத்தது ஆர் எண்டு நீங்கள் சொல்லுறதைத்தான் நான் எழுதுவன். அண்ணையின்ரை பேரை எழுதினால் வங்கிக் கணக்கும் நிண்டுபோம், பென்சனும் நிண்டுபோம். உங்கடை பிறந்த பேர் ஒருத்தருக்கும் உதவாமல் கிடக்குது. அந்தப் பேரிலை எழுதிவிட்டால் பிரச்சினையில்லை. கையெழுத்து உங்கடைதானே. நீங்கள் செக்கிலை போட்டுக் குடுக்க, பிள்ளை கொண்டுபோய் மாத்தலாம்."

நல்ல மனிதர். எங்களுக்கு உதவி செய்யத்தான் நினைத்தார். அப்பா வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். "அப்பிடியே எழுதுங்கோ," என்று சொன்னது நான்தான். மருந்துப் போத்தலை நினைத்துச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கவேண்டும்போல இருக்கிறது.

"பெண்சாதிக்காரியிட்டையும் ஒரு சொல் கேட்டிட்டுச் சொல்லுங்கோ," என்றார் விதானையார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று படையல் முடிந்தபின் நான் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசயத்தைச் சொன்னேன். அப்பா தூணுக்குப் பக்கத்தில் நின்றார். பெரியம்மா முழுவதையும் கேட்டா. சத்தம் போடுவா என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டா:

"சோதினைப் பத்திரத்தை எடுத்தியள். உத்தியோகத்தை எடுத்தியள். அந்த மனிசன் ஒண்டும் கேளாமல் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டு கிடந்தது. இப்ப அதின்ரை சாவும் உங்களுக்கு வேணுமோ?"

அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்தார். அன்று பின்னேரமே தனியாக விதானையாரிடம் போய், அண்ணையின் பெயரிலேயே சாவைப் பதிந்து, தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் தன் பிறந்த பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்தக் கையெழுத்து அவருக்கே பழக்கமில்லை. சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது.

கணக்கு மூடப்பட்டது. அனுப்பிய பென்சன் திரும்பிப்போனது. நான் விசாவைக் கணக்கெடுக்காமல் வீட்டுக்குள் இங்கிலீசு ரியூசன் தொடங்கினேன். அது அரிசிக்குப் போதும், மருந்துக்குப் போதாது. ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டோம். மாசி மாதம் அப்பாவின் இடது கால் பெருவிரல் கறுத்தது.

சித்திரையில் பென்சன் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தாருக்கு என்று விலாசமிட்டிருந்தது. அப்பாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உடைத்து வாசித்தார். தன்னுடைய மரணத்துக்கு அனுதாபம் தெரிவித்து வந்த கடிதத்தைத் தானே வாசிக்கிற மனிதனை நான் வேறெங்கும் கண்டதில்லை. முப்பத்தேழு வருடம் நேர்மையாகச் சேவை செய்ததற்கு அரசாங்கம் நன்றி சொல்லியிருந்தது. அப்பா கடிதத்தை மடித்தார்.

"இது அண்ணைக்கு வந்தது," என்றார். "பெரியம்மாவிட்டைக் குடுத்திட்டு வருவம்."

துணி சுற்றிய காலோடு நொண்டி நொண்டி வந்தார். வாசல் படலையடியில் நின்றுகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்பினார். எத்தனை சொல்லியும் வரவில்லை.

பெரியம்மா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "எனக்கு இங்கிலீசு விளங்காது பிள்ளை, தமிழிலை சொல்லு."

பெரியப்பாவின் பெயரைச் சொல்லித் தொடங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நன்றி என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினா.

"ஆர் நன்றி சொல்லியிருக்கிறது?"

"அந்த நாட்டு அரசாங்கம், பெரியம்மா."

"முகம் தெரியாதவன் சொல்லிப்போட்டான்," என்றா. படலைப் பக்கம் பார்த்தா. "தெரிஞ்ச ஆள் அங்கை நிக்குது."

அப்பாவுக்கு அது கேட்டது. கால்தான் பழுதே தவிரக் காதில் ஒரு குறையுமில்லை. படலைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியம்மா பார்த்துக்கொண்டேயிருந்தா. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வரவில்லை.